ஏழாவது ஜன்னல்

கடவுள் இருக்கிறார் என்று லிப்ட் மெக்கானிக் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபித்த ஞாயிற்றுக்கிழமை, அவர் வீட்டுச் சமையலறை ஜன்னல் சுவராகிவிட்டது. யாரும் அடைக்கவில்லை. காலையில் கம்பியும் கதவும் இருந்த இடத்தில் மாலையில் பழைய சுண்ணாம்புச் சுவர் இருந்தது. பக்கத்துச் சுவரின் ஈரக்கறை அதிலும் தொடர்ந்து ஓடியது. கொத்தனார் வந்து உளியால் கொத்திப் பார்த்தார். இங்கே ஜன்னல் இருந்ததற்கான அடையாளமே இல்லை, நல்ல வேலை என்று பாராட்டிவிட்டுப் போனார்.

வாதம் நல்ல வாதம்தான், அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. லிப்ட் கூண்டு கயிற்றில் தொங்குகிறது, அந்தக் கயிறு இன்னொரு கயிற்றில் தொங்கலாம், அது வேறொன்றில் தொங்கலாம், ஆனால் உச்சியில் எதிலும் தொங்காத ஒன்று இல்லாவிட்டால் கூண்டு தரையில்தான் கிடக்கும் என்பார். கேட்கிறவர்கள் ஒருமுறை கூரையை அண்ணாந்து பார்த்துக்கொள்வார்கள், ஏனென்றால் பாதிப் பேர் அவர் பழுது பார்க்கும் லிப்டில்தான் தினமும் ஏறி இறங்கினார்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு சபைக் கூடத்தில் யார் வேண்டுமானாலும் எழுந்து விசுவாசத்தை எதிர்த்துக் கேட்கலாம், அவர் பதில் சொல்வார் என்பது ஏற்பாடு. பெரும்பாலும் கேட்டவர் மருந்துக்கடைக்காரர், நம்பிக்கை இல்லாதவர், நிறையப் படித்தவர். அற்புதங்களைப் பற்றிக் கேட்ட மருந்துக்கடைக்காரர் பதிலை ஒப்புக்கொண்டு உட்கார்ந்த அன்று முன்னறை ஜன்னல் போனது. உயிர்த்தெழுதலுக்கு யார் சாட்சி என்று கேட்டுத் தோற்ற அன்று படுக்கையறையின் மூன்று ஜன்னல்களும் ஒன்றாகப் போயின. எட்டு வருடத்தில் ஐந்து. போதகர் அதை அடையாளம் என்று பிரசங்கத்திலேயே சொன்னார். ஊர் கைதட்டியது. அந்தக் கைதட்டலை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது, ஏனென்றால் கைதட்டியவர்கள் எல்லார் வீட்டிலும் வெளிச்சம் இருந்தது.

மெக்கானிக்கின் மனைவி தையற்காரி. கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓட்டுவதற்கு விளக்கு உதவாது, பகல் வேண்டும். ஒவ்வொரு ஜன்னல் போகும்போதும் அவள் தையல் மெஷினை அடுத்த அறைக்குத் தள்ளிக்கொண்டு போனாள். பிறகு அவர்களுடைய மகள், பன்னிரண்டு வயது, ஒன்பது நாள் காய்ச்சலில் இறந்துபோனாள். அடக்கத்தில் யாரோ, கடவுள் இருந்தால் இப்படி நடக்குமா என்று முணுமுணுத்தார்கள். மெக்கானிக் குழியின் ஓரத்திலிருந்து திரும்பினார். வலி இருப்பதால் கடவுள் இல்லை என்று ஆகாது என்பதைச் சட்டையில் மண்ணோடு, ஓர் ஓட்டையும் இல்லாமல் விளக்கினார். எவனாவது பெற்ற மகளின் குழிக்குப் பக்கத்தில் நின்று வாதம் செய்வானா? செய்தார். வீடு திரும்பியபோது ஆறாவது ஜன்னல் இல்லை.

மிச்சம் இருந்தது மகளின் கட்டிலுக்கு மேலே இருந்த ஒன்றுதான். கட்டிலை ஒதுக்கிவிட்டுத் தையற்காரி அங்கே மெஷினைப் போட்டாள். அடுத்த கூட்டத்துக்கு மருந்துக்கடைக்காரர் முன்கூட்டியே கேள்வியைச் சொல்லி அனுப்பினார்: இந்தப் பிள்ளை ஏன்? மெக்கானிக் மூன்று வாரம் மொட்டைமாடி லிப்ட் மோட்டார் அறைகளில் உட்கார்ந்து பதினோரு பக்கம் எழுதினார். பதில் கிடைத்துவிட்டது என்று வந்து சொன்ன அன்று, இருபத்திரண்டு வருடம் ‘நீங்க’ என்று பேசிய மனைவி முதல் தடவையாக ‘நீ’ என்றாள்.

“ஒன்பது நாள் நான் அவர்கிட்ட கேட்டேன். அவர் வாயைத் திறக்கலை. அவருக்காக நீ என்ன வக்காலத்து வாங்குறே? சொல்றதா இருந்தா அவரே வந்து சொல்லட்டும். இந்த ஜன்னலும் போச்சுன்னா மெஷினைத் தூக்கிக்கிட்டு எங்க அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். திரும்பி வரமாட்டேன்.”

“பதில் சரியா இருந்தாக் கூடவா?”

“சரியா இருந்தாத்தான்.”

கூட்டத்தன்று உட்கார இடமில்லை. தையற்காரி முன்வரிசையில் இருந்தாள், அளவு நாடா கழுத்திலேயே கிடந்தது. மருந்துக்கடைக்காரர் எழுந்து, தரையைப் பார்த்துக்கொண்டே கேள்வியைக் கேட்டார். மெக்கானிக் முதல் வாக்கியத்தைப் படித்தார். சரியாக அந்த நேரத்தில் ஜன்னலின் கீழ்க்கண்ணாடி சுண்ணாம்பாக வெளுத்ததைப் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்திருக்கிறார். மெக்கானிக் மனைவியைப் பார்த்தார். அவள் முகத்தைத் திருப்பவில்லை. அவர் பதினோரு பக்கத்தையும் மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

“தெரியாது,” என்றார். பிறகு மேஜையை ஓங்கி அடித்தார். “நானும் ஒன்பது நாள் கேட்டேன். எனக்கும் சொல்லலை!”

கூடம் கொதித்தது. அவர் மகளைப் பறிகொடுத்தபோது இவர்களுக்கு வராத கோபம், பதில் கிடைக்காதபோது வந்தது. யாரோ பாட்டுப் புத்தகத்தை மேடைமேல் எறிந்தார்கள். இதைச் சொல்லவா இத்தனை பேரைக் கூட்டினோம் என்று போதகர் பல்லைக் கடித்தார். ஜெயித்துவிட்டதாக எல்லாரும் நினைத்த மருந்துக்கடைக்காரர்தான் நாற்காலிமேல் ஏறி, “போதும், எல்லாரும் வீட்டுக்குப் போங்க,” என்று கத்தினார்.

தையற்காரி அக்கா வீட்டுக்குப் போகவில்லை. வெளுத்த கீழ்க்கண்ணாடி வெளுத்தபடியே நின்றுவிட்டது, மேல்பாதி போதுமான வெளிச்சம் தந்தது. ஒவ்வொரு நாளும் நாலு மணிக்கு அவள் மெஷினை நிறுத்திவிட்டு, ஜன்னலைப் பார்த்துக் கடவுளைத் திட்டினாள். ஜெபத்தில் எல்லாரும் ‘நீர்’ என்று அழைக்கிறவரை வாடா போடா என்று கேட்டாள். ஒரு மாதம் இதைக் கேட்டுக்கொண்டிருந்த மெக்கானிக் ஒருநாள் பரபரப்பாக எழுந்தார்.

“இல்லாத ஒருத்தர்கிட்ட யாராவது இவ்வளவு சண்டை போடுவாங்களா? இதை விடப் பெரிய ஆதாரம்...”

“இதைக் கூட்டத்துல போய்ச் சொன்னீங்க, நடக்கிறதே வேற,” என்றாள், நூலைப் பல்லால் அறுத்தபடி.

பென்சில் ஏற்கெனவே கையில் இருந்தது. அவர் அதைக் கீழே வைத்தார். பிறகு அவள் பக்கத்தில் போய் நின்று, முதலில் மெதுவாக, பிறகு தெரு முழுக்கக் கேட்கும்படி, அவரும் திட்டத் தொடங்கினார். இப்போதும் நாலு மணிக்கு அந்தப் பக்கம் போகிறவர்கள் எதிர்ச்சாரிக்கு மாறித்தான் நடக்கிறார்கள். மூன்று பேர் பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கே போவது மரியாதை இல்லை.