ஆடிக் காற்றுக்கு வெட்டிய இறக்கை

சென்னையில் விமான மெக்கானிக் பயிற்சி. எங்கள் ஜில்லாவுக்கு ஒரே ஓர் இடம். அடுத்த மாதம் எனக்கு இருபத்தொன்று முடிகிறது. அதற்குமேல் விண்ணப்பம் வாங்கமாட்டார்கள். தவறினால் தோணிக்குப் பாய் தைக்கும் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து ஊசி கோர்க்க வேண்டும். அந்த வேலைக்கு வயது வரம்பு கிடையாது.

காலையில் எழுத்துத் தேர்வு. மாலையில் அவரவர் செய்த மாதிரிக் கிளைடரை எங்கள் ஊர்க் கல்லூரி மொட்டைமாடியிலிருந்து விட வேண்டும். மைதானத்தின் கடைசிக் கோல் கம்பத்தை அது தாண்ட வேண்டும்.

நான் ஆலாவைப் பார்த்துச் செய்திருந்தேன். அந்தக் கடற்பறவை இறக்கையை அதிகம் அடிக்காமலே துறைமுகத்தைச் சுற்றிவரும். அதன் இறக்கை நீளமானது; அகலம்தான் கம்மி. எங்கள் வீட்டுக் கோழிக்கு இறக்கை குட்டை. படபடவென்று அடித்துக் கூரைவரை போகும். போனதற்கே ஊரைக் கூட்டும். என் கிளைடர் இறக்கையை அடிக்காது, இன்ஜினும் இல்லை. ஆகவே ஆறடி நீள இறக்கை.

ஓரத்தில் துணி பிரிந்திருந்தது. அப்பாவிடம் தைக்கக் கொடுத்துவிட்டுத் தேர்வுக்குப் போனேன்.

மாலையில் சைக்கிளில் கொண்டுவந்தார். இறக்கை மூன்றடி இருந்தது.

"என்னப்பா இது?"

"ஏலே இனிகோ, காத்தப் பாத்தியா? ஆடிக் காத்துல முழுப் பாய விரிப்பானா எவனாவது? அங்கன ஒரு முழம், இங்கன ஒரு முழம் அறுத்துட்டேன். தையலப் பாரு!"

தையல் அற்புதமாக இருந்தது.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். விட்டேன். நேராக சைக்கிள் ஸ்டாண்டில் இறங்கியது.

"தம்பி, கோல் கம்பம் அந்தப் பக்கம்" என்றார் தேர்வாளர்.

அடுத்து நாசரேத்துக்காரன் தேவமணி. அவன் கிளைடருக்கு நீண்ட, ஒல்லியான இறக்கை. கம்பத்தைத் தாண்டி, காம்பவுண்டையும் தாண்டிப் போனது.

அப்பா என்னுடையதை எடுத்து ஊதித் துடைத்தார். "பாத்தியாலே, ஒரு கம்பு ஒடியல." கொஞ்சம் யோசித்தார். "இன்னும் ஒரு சாண் கொறச்சிருக்கணும்."

"ஆமாப்பா."

துணி வீணாகக் கூடாதென்று அறுத்த துண்டுகளையும் கேரியரில் கட்டி வந்திருந்தார். திரும்பும்போது நான் கேரியரில் உட்கார்ந்து, கைக்கு ஒன்றாக அவற்றைப் பிடித்துக்கொண்டேன். ஆடிக் காற்றில் இரண்டும் மேலே மேலே எழும்பின.

"இறுக்கிப் பிடிலே" என்றார் அப்பா. "நாளைக்கு உனக்குத் தைச்சுப் பழக ஆவும்."