இருபது நிமிட யானை

கொழும்பிலிருந்து பயண முகவர்கள் திங்கட்கிழமை வருவதாக இருந்தது. அதற்கு முன்னால் வியாழக்கிழமை ஒரு ஒத்திகை பார்த்தேயாக வேண்டும் என்று டிலக்ஷன் சொல்லிவிட்டார். நாடகத்துக்கு ஒத்திகை பார்ப்பார்கள், பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்கும் பார்ப்பார்கள். யானை பார்க்கப் போவதற்கு ஒத்திகை பார்த்த மனிதர் மூதூர்ப் பக்கத்தில் இவர் ஒருவராகத்தான் இருப்பார். காடு காட்டும் கம்பனியின் மனேஜரான டிலக்ஷன் திருகோணமலைப் பட்டணத்துக்காரர். தன்சானியாவில் ஒரு காட்டு முகாமில் ஆறு வருடம் வேலை பார்த்துவிட்டு வந்தவர். அந்த ஆறு வருடத்தையும் அவர் போகிற இடமெல்லாம் கூட்டிக்கொண்டு போவார்.

கம்பனியின் திட்டம் இதுதான். துறைமுகத்தில் இறங்கும் கப்பல் பயணிகளையும் உப்புவெளி ஹோட்டல்களில் தங்குகிறவர்களையும் பின்னேரம் கூட்டிவந்து, மூன்று மணி நேரம் ஆபிரிக்க முறையில் காடு காட்டுவது. ஜீப்பின் கூரையைக் கழற்றி, இருக்கைகளைப் படி படியாக உயர்த்தி, ஆளுக்கொரு போர்வையும் வைத்திருந்தார்கள். ஆவணி மாதத்துக் கச்சான் என்கிற வெக்கைக் காற்றில் தோல் பொசுங்குகிறது, போர்வை யாருக்கு என்று சாரதி றிப்தி கேட்டான். அங்கே அப்படித்தான் என்று பதில் வந்தது.

மற்றவர்களுக்கு அது விளையாட்டாக இருக்கலாம், றிஷானாவுக்கு இல்லை. மூன்று மாதமாக அவள் தற்காலிக வழிகாட்டி. ஒத்திகை டிலக்ஷனின் மனதுக்குப் பிடித்தால் நிரந்தரக் கடிதம் கிடைக்கும். பிடிக்காவிட்டால் கிண்ணியாவில் ஒரு ஏஜென்சியில் அவளுடைய பாஸ்போட் தயாராகக் கிடக்கிறது. சவூதியில் ஒரு வீட்டில் பிள்ளை பார்க்கும் வேலை. யாரோ பெற்ற பிள்ளையைப் பார்ப்பதற்காக, தான் பெற்ற பிள்ளையை விட்டுவிட்டுப் போக வேண்டும். அவள் மகள் அம்ராவுக்கு ஐந்து வயது. புருஷன் என்று ஒருவன் இருந்தான், அவனைப் பற்றிக் கதைத்துப் பிரயோசனம் இல்லை.

ஒத்திகைக்குப் பயணிகள் வேண்டுமே. ஆளுக்கொரு புரியாணிப் பார்சல் தருவதாகச் சொல்லி, குளத்தடியில் வயல் செய்யும் ஆறு பேரை றிப்தி பிடித்துக்கொண்டு வந்தான். அவர்களில் வாய்த் துணிவு உள்ளவர் ஆமினா உம்மா. ஐம்பத்தைந்து வயது, புருஷன் மௌத்தான பிறகு மூன்று ஏக்கரைத் தனியாகவே செய்கிறார். அவருடைய வரம்புக்கு அடுத்த வரம்பு சம்பூர் ஞானசேகரத்துடையது. மற்ற நால்வரும் இவர்கள் இரண்டு பேரும் சொல்வதற்குத் தலையாட்டுகிறவர்கள்.

டிலக்ஷன் சோடி சோடியாக இருத்துவதற்கு ஒரு படம் கீறி வைத்திருந்தார். பெண்கள் அந்தப் படத்தைப் பார்க்கவே இல்லை, நேராகப் போய்ப் பின்வரிசை முழுவதையும் பிடித்துக்கொண்டார்கள். அவர் படத்தை மடித்து வைத்துவிட்டு முன்னால் றிப்திக்குப் பக்கத்தில் ஏறி, மடியில் ஒரு படிவத்தையும் கையில் நிறுத்தக் கடிகாரத்தையும் வைத்துக்கொண்டார்.

றிஷானா படியில் நின்று, 'எதிர்பார்க்க வேண்டியவை' என்ற தாளை வாசித்தாள். தன்சானியாவிலிருந்து வந்த தாள் அது. மிருகங்கள் மணி பார்த்து வருவதில்லை, பொறுமை வேண்டும். எழும்பி நிற்கக் கூடாது, கையை வெளியே நீட்டக் கூடாது, சத்தம் கூடாது, இறங்கவே கூடாது. மூன்று மணி நேரத்துக்கு மலசலகூடம் கிடையாது, போகிறவர்கள் இப்போதே போய்வர வேண்டும். சிங்கம் தென்படும் என்று உத்தரவாதம் தர முடியாது என்ற வரியில் சிங்கத்தை வெட்டிக் கரடி என்று எழுதியிருந்தார்கள். அடுத்த வரி, கறுப்பு உடை உடுத்தினால் ஈ தேடிவந்து கடிக்கும் என்றது. பின்வரிசையில் மூன்று கறுப்பு அபாயாக்கள் கைகட்டி உட்கார்ந்திருந்தன. றிஷானா அந்த வரியை விட்டுவிட்டு மற்றதற்குப் போனாள்.

ஏதாவது கேள்வி இருக்கிறதா என்று கேட்டபோது ஆமினா உம்மா கையைத் தூக்கினார். ஆனை வந்தால் தாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். ஒன்றும் செய்ய வேண்டாம், சும்மா இருந்து பார்த்தால் போதும் என்றாள் றிஷானா. ஆறு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் சீவியத்தில் யானைக்கு முன்னால் அப்படியொரு வேலையை யாரும் சொன்னதில்லை.

முதல் ஒரு மணி நேரம் ஒழுங்காகத்தான் போனது. மயில் வந்தது, புள்ளிமான் வந்தது, ஒரு நரி பாதையைக் கடந்தது. றிஷானா படித்ததையெல்லாம் சொன்னாள். பற்றைக்குள் ஒரு கறுத்த முதுகைக் கண்டு, இது காட்டெருமை, மிகவும் மூர்க்கமான பிராணி என்று குரலைத் தாழ்த்திச் சொன்னபோதுதான் ஞானசேகரம் தொண்டையைச் செருமினார். அது பக்கத்து வளவு நஸ்ரியின் எருமை என்றும், காதில் குறி இருக்கிறது என்றும், இரண்டு நாளாக அவன் அதைத் தேடித் திரிகிறான் என்றும் மரியாதையாகவே சொன்னார். டிலக்ஷன் படிவத்தில் ஏதோ எழுதினார். றிஷானாவின் காது சூடாகிப் போனது.

ஐந்து மணிக்குக் குளத்தடிக்கு வந்தார்கள். ஒரு பக்கம் பெரிய பாறை, மறுபக்கம் குளக்கட்டு முடிகிற இடம், நடுவே மூன்று ஜீப் அகலத்துக்கு ஒரு வெளி. அந்த வெளியில், வெயில் முதுகில் படுகிறமாதிரி வாகனத்தை நிறுத்தச் சொன்னது டிலக்ஷன்தான். படம் எடுக்க இதைவிட நல்ல இடம் இல்லை என்றார். பின்னால் தண்ணீர், முன்னால் காடு. இடப்பக்கம் சிறு பற்றைகளைத் தாண்டினால் நெல் முற்றிய வயல்கள், ஒரு கிழமையில் அரிவு வெட்டு.

காட்டுக்குள்ளிருந்து ஏழு யானைகள் வந்தன, ஒரு குட்டியும் கூட. வந்தவை நாற்பது அடி தூரத்தில் நின்றுவிட்டன. தும்பிக்கையைத் தூக்கி மணம் பிடித்தன, காலை மாற்றி மாற்றி வைத்தன, ஆனால் போகவில்லை. எல்லா முகமும் ஜீப்பைப் பார்த்தே இருந்தது. றிஷானாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மூன்று மாதத்தில் யானைக் கூட்டம் இவ்வளவு நேரம் இவ்வளவு கிட்ட நின்றதை அவள் பார்த்ததில்லை. கடிதம் கைக்கு வந்தமாதிரித்தான் என்று நினைத்தாள்.

அவள் திரும்பிப் பார்த்தாள். ஒருவரும் போனைத் தூக்கவில்லை. ஞானசேகரம் இடப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆமினா உம்மா முன்னால் குனிந்து, தாளில் சொன்னபடியே சத்தம் போடாமல் கதைத்தார்.

"மகள், வாகனத்தை எடுக்கச் சொல்லுங்க. நாம நிக்கிறது அதுகள்ற வழி. தண்ணிக்குப் போக விடாட்டி அதுகள் வயலுக்குத்தான் திரும்பும்."

றிஷானா மூதூர்ச் சந்தைக்குப் பக்கத்தில் கடைக்காரர் வீட்டில் பிறந்தவள். யானையைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் பயிற்சியில் சொன்னதும் போனில் பார்த்ததும்தான். இது அவளுக்குத் தெரியாது. டிலக்ஷனிடம் மெதுவாகச் சொன்னாள். அவர் திரும்பாமலே, பதினோரு நிமிடம் ஆகிவிட்டது, இப்போது அசையக் கூடாது என்றார். அந்த நேரம் முன்னால் நின்ற பெரிய யானை தலையை வயல் பக்கம் திருப்பி ஓர் அடி வைத்தது. பின்வரிசையில் யாரோ அல்லாவை அழைத்தார்கள்.

வாகனம் எப்போது நிற்பது, எப்போது போவது என்பது வழிகாட்டியின் முடிவு என்று அதே தாளில்தான் இருந்தது. றிஷானா அம்ராவை நினைத்தாள், ஏஜென்சியில் கிடக்கிற பாஸ்போட்டை நினைத்தாள், பிறகு றிப்தியிடம் பின்னுக்கு எடுக்கச் சொன்னாள். றிப்தி டிலக்ஷனைப் பார்த்தான். அவள் இன்னொரு தடவை சொன்னாள். ஜீப் பாறைக்குப் பின்னால் போனது. யானைகள் கொஞ்சம் யோசித்துவிட்டு, வரிசையாக அந்த வெளியால் இறங்கித் தண்ணீருக்குப் போய்விட்டன. நாலு நிமிடத்தில் அந்த வெளியில் ஒன்றும் மிச்சமில்லை.

அதற்குப் பிறகுதான் ஆறு பேரும் பயணிகளாக மாறினார்கள். ஜீப்பின் முன்மூடியில் துணி விரித்து இஞ்சித் தேத்தண்ணி ஊற்றியபோது சிரித்துக் கதைத்தார்கள், போர்வையை மடித்துப் பார்த்து நல்ல துணி என்றார்கள். கருத்துப் படிவத்தில் எல்லாக் கேள்விக்கும் 'மிக நன்று' என்று புள்ளடி போட்டார்கள். மிருகங்களைப் பார்த்தது போதுமா என்ற கேள்விக்கு ஞானசேகரம், போதும், இனி வேண்டாம் என்று எழுதினார்.

அலுவலகத்தில் டிலக்ஷன் கதவைச் சாத்தினார். ஏச்சு விழும் என்று றிஷானா நின்றுகொண்டே இருந்தாள். அவர் கதிரையைக் காட்டி உட்காரச் சொன்னார், ஏசவே இல்லை. அங்கே நாள் முழுக்க ஓடினாலும் இப்படி முகம் காட்டி நிற்கிற கூட்டம் கிடைக்காது என்றார். ஏன் நின்றன என்று தனக்கு விளங்கவில்லை, வழியை மறித்ததால்தான் நின்றன என்பது அந்த உம்மா சொன்ன பிறகுதான் விளங்கியது என்றார். சொல்லும்போது அவருடைய முகம் நல்ல சந்தோசமாக இருந்தது. பிறகு கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தார். நிரந்தர நியமனம், அவளுடைய பெயர் சரியாக எழுதப்பட்டிருந்தது.

"திங்கட்கிழமையும் அந்த வெளியிலதான் நிப்பாட்ட வேணும். இருபது நிமிசம், அதுக்குப் பிறகு எடுங்கோ."

வயல் என்ன ஆகும் என்று அவள் கேட்டாள். வயலுக்கு வேலி போடுவது கம்பனியின் வேலை இல்லை, இருபது நிமிடத்தில் உலகம் அழிந்துவிடாது என்றார். ஏலாது என்றால் இப்போதே சொன்னால் நல்லது, வேறு ஆள் பார்க்க வேண்டும் என்பதையும் அதே மரியாதையோடு சொன்னார்.

றிஷானா கையெழுத்துப் போட்டாள். பேனையை வைக்கும்போது சந்தோசமும் வெட்கமும் ஒன்றாகவே வந்தன. எது கூடுதல் என்று அவளுக்குத் தெரியவில்லை.

மஃரிப் தொழுகைக்குப் பிறகு ஆமினா உம்மாவுக்குப் போன் எடுத்தாள். எதையும் மறைக்கவில்லை. கடிதம் கிடைத்ததையும், என்ன நிபந்தனையில் கிடைத்தது என்பதையும் அப்படியே சொன்னாள். இரண்டு ஏச்சு ஏசினால் தனக்கு ஆறுதலாக இருக்கும் என்று றிஷானா காத்திருந்தாள். ஆமினா உம்மா ஏசவில்லை, எத்தனை மணிக்கு நிறுத்துவீர்கள் என்றுதான் கேட்டார். ஐந்து மணி என்றாள்.

"சரி மகள். நாங்க நாலரைக்கே வரம்புல நிப்பம். வேல கிடச்சிட்டுதானே, அல்ஹம்துலில்லாஹ்."

அன்றைக்குச் சோறு அவளுக்கு இறங்கவில்லை. அம்ரா மட்டும், உம்மா வெளிநாட்டுக்குப் போகவில்லை என்று வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

திங்கட்கிழமை நாலு முகவர்கள் வந்தார்கள். தலைமைக்கு வந்தவர் ஐவி என்ற கொழும்புப் பெண், எதையும் குறித்துக்கொள்ளும் பழக்கம் உள்ளவர். தாள் வாசிக்கப்பட்டது, மான் வந்தது, மயில் வந்தது, எருமையைப் பற்றி றிஷானா வாயே திறக்கவில்லை. ஐந்து மணிக்கு ஜீப் அந்த வெளியில் நின்றது. யானைகளும் வந்தன. ஏழும் குட்டியும் வந்து, அன்றைக்குப் போலவே நின்று முகம் காட்டின. டிலக்ஷன் கடிகாரத்தை அமத்தி ஓடவிட்டார். நாலு பேரும் மூச்சை அடக்கிப் படம் எடுத்தார்கள்.

பத்தாவது நிமிடத்தில் பெரிய யானை தலையைத் திருப்பியது. இந்த முறை அது ஓர் அடியோடு நிற்கவில்லை, பற்றைக்குள் இறங்கி வயல் பக்கம் நடந்தது. மற்றவை பின்னால் போயின. உடனே அந்தப் பக்கத்திலிருந்து கூக்குரல் எழும்பியது. தகரம் அடிக்கிற சத்தமும், யானை விரட்டுகிற வெடி ஒன்று இரண்டும் கேட்டன. பற்றைகளுக்கு மேலால் வரம்பில் நிற்கிற ஆட்கள் தெரிந்தார்கள். அதில் கறுப்பு அபாயாவோடு தகரம் அடிக்கிறவர் யார் என்று றிஷானாவுக்குத் தெரிந்தது. யானைகள் திரும்பி ஓடிவந்து, ஜீப்பைக் கண்டு மறுபடியும் நின்றன. குட்டி நடுவில் நின்று கத்தியது.

அந்தச் சத்தம் என்ன என்று ஐவி கேட்டார். டிலக்ஷன் முன்னிருக்கையிலிருந்து திரும்பி றிஷானாவைப் பார்த்தார். அவள் பொய் சொல்ல நினைத்தாள், வாய் வரவில்லை. வயல்காரர்கள், யானை பயிருக்குள் போகாமல் மறிக்கிறார்கள் என்று உள்ளதைச் சொன்னாள். டிலக்ஷனின் கழுத்து விறைத்தது. ஐவியோ கமராவை வயல் பக்கம் திருப்பினார். அவருடைய கண் மின்னியது. இதைத்தான் வெளிநாட்டுக்காரர்கள் தேடி வருகிறார்கள் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

"எங்கட ஆக்கள் வரேக்கையும் இது இருக்குமா?" என்று றிஷானாவிடம் கேட்டார்.

"இருக்கும். நாங்க இதில நிக்கிற ஒவ்வொரு நாளும் இருக்கும்" என்றாள் றிஷானா.

ஐவி அதைக் கொப்பியில் குறித்துக்கொண்டு, நிகழ்ச்சியில் இதையும் சேர்த்துவிடும்படி டிலக்ஷனிடம் சொன்னார். டிலக்ஷன் சரி என்றார். வயலில் தகரச் சத்தம் நிற்கவில்லை. றிஷானா மணியைப் பார்த்தாள். இன்னும் ஆறு நிமிடம் இருந்தது.