பள்ளப் பக்கத்துத் தோள்

தோட்டத்து லயத்து வீடுகளின் சுவரோரம் வரிசையாக நின்றவர்களின் தோளைத் தட்டித் தட்டி உயரம் பார்த்துக்கொண்டு போனான் செல்லையா. பன்னிரண்டு பேர் வேண்டும். பதினோரு பேர்தான் தேறினார்கள். மழை விட்ட மாதிரி இருந்தது. விட்டது என்று நம்பிவிட முடியாது. சேரம்பாடிப் பக்கத்து ஆடி மழை மூச்சு வாங்கத்தான் நிற்கும்.

ஒற்றை அறைக் காம்பராவுக்குள் அப்பா தங்கவேலு பெஞ்சில் கிடந்தார். விடியும்போது உயிர் போனது. நெஞ்சுச்சளி என்று கம்பவுண்டர் சொன்னார். என்ன பெயர் சொன்னால் என்ன, போனது போனதுதான்.

"ஒரு எடத்துல நில்லேன்டா," என்றார் இசக்கிமுத்து. வாசலில் குத்துக்காலிட்டுப் பாடைக்கு மூங்கிலை இறுக்கிக்கொண்டிருந்தார். "காலையிலேருந்து லயத்த முப்பது சுத்து சுத்திட்ட. ஒங்கப்பன் எந்திரிச்சு வந்து ஒன்னய ஓட்டத்துக்குப் பேரு குடுத்துருவான்."

யாரோ சிரித்தார்கள். செல்லையா மறுபடியும் வரிசையின் முதலிலிருந்து தட்ட ஆரம்பித்தான்.

லாரி போகும் பாதை மூன்று நாளைக்கு முன்பே இடிந்துவிட்டது. மயானம் மேட்டில் இருக்கிறது. தேயிலைக்குள் போகும் குறுக்குப் பாதைதான் வழி. மூன்று வளைவு, ஒரு பக்கம் மேடு, மறு பக்கம் பள்ளம். போன வருசம் இதே மழையில் மருதாயி புருசனைக் கொண்டுபோனபோது மூன்றாம் வளைவில் பாடை சரிந்து, பிணம் தேயிலைக்குள் உருண்டது. இன்றைக்கும் அந்த வீட்டுக்கு அதுதான் பேர். பொணத்தப் போட்டவங்க வீடு. பெண் கேட்டு வருகிறவன்கூட அப்படிச் சொல்லித்தான் வழி கேட்கிறான்.

அன்றைக்கு அப்பா காய்ச்சலில் படுத்திருந்தார். மற்றபடி இந்தத் தோட்டத்தில் எந்தப் பாடைக்கும் தோள் பொறுக்கியவர் அவர்தான். இலங்கையிலிருந்து கப்பலேறி வருவதற்கு முன்னால் பதுளைத் தோட்டத்திலும் அவர்தான். அங்கே அஞ்சலோட்டத்துக்கும் அவர்தான் ஆள் பொறுக்குவார். ஓட்டத்துக்கும் பாடைக்கும் அவரிடம் இருந்தது ஒரே முறை. நம்பகமானவனை முதல் கட்டத்துக்கு விடு. நடுங்குகிறவனை நடுவில் ஒளித்து வை. இருக்கிறதிலேயே உறுதியானவனைக் கடைசிக்கு வை, மற்றவன் செய்த தப்பையெல்லாம் அவன்தான் தாங்க வேண்டும். பாடை என்றால் இன்னும் ஒன்று உண்டு. ஏற்றத்தில் குட்டை ஆள் முன்னால், நெட்டை ஆள் பின்னால். பின்னால் பள்ளப் பக்கம் நிற்கிறவன் தோளில்தான் முழுப் பாரமும் இறங்கும். அவன் கால் போனால் எல்லாம் போனது.

அந்தக் கடைசிக் கட்டத்துப் பள்ளப் பக்கத் தோளுக்குத்தான் இன்னும் ஆள் சொல்லவில்லை.

"பெரியவனே," என்று உள்ளிருந்து கூப்பிட்டாள் அம்மா. கருப்பம்மாவின் குரல் அழுது அழுது மணலாகிப் போயிருந்தது. "நீ கொடத்தத் தூக்கிட்டு முன்னால போயிருவ. சின்னவன கடைசிக் கட்டத்துல வையி. அவனாச்சும் அப்பனுக்குத் தோள் குடுக்கட்டும்."

"சரிம்மா."

"சரிம்மான்னு சொல்லிப்புட்டுக் கடைசியில மாத்திராத. ஒங்கப்பனும் அப்படித்தான் சொல்லுவாரு."

செல்லையா வெளியே வந்தான். தம்பி காளிமுத்து லயத்துக் கோடியில், சாக்கடைத் தண்ணீரில் கால் நனைய நின்றிருந்தான். நல்ல உயரம். இருபத்திரண்டு வயசு. நேற்றுப் பொழுது சாயும்போது அப்பாவுக்கு மூச்சு இழுத்ததும் வெறுங்காலோடு மழையில் சேரம்பாடிக்கு ஓடி, கம்பவுண்டரை இழுத்துக்கொண்டு வந்தவன் அவன்தான்.

"வாடா. செவுத்தோரம் நில்லு."

"இங்கனயே நிக்கிறேன். என் ஒசரம் ஒனக்குத் தெரியாதா?"

அதுவும் சரிதான். செல்லையா திரும்பினால் எதிரே மாரப்பன். தோளில் துண்டை மடித்துப் போட்டு, சுமக்கத் தயாராக வந்திருந்தான்.

"ஏனுங்க செல்லையா, எனக்கு எந்தக் கட்டமுங்க?"

"பாப்போம்."

"பெரியவரு எனக்கும் வேண்டப்பட்டவருங்க."

"தெரியும். நல்லாவே தெரியும்."

மாரப்பன் போகவில்லை. கொஞ்சம் தள்ளிப்போய் மாமரத்துத் தூரில் சாய்ந்து நின்றான்.

செல்லையாவுக்கு அவன்மேல் பழைய கணக்கு ஒன்று உண்டு. எழுபத்தாறில் கூடலூர் மைதானத்தில் தோட்டங்களுக்கு இடையே அஞ்சலோட்டப் போட்டி நடந்தது. ஜெயிக்கிற நாலு பேருக்கு ஃபேக்டரி வேலை என்று துரை சொல்லியிருந்தார். காலையில் முதல் சுற்று. செல்லையாதான் கடைசி ஆள். கட்டையை வாங்கி ஓடி, கயிற்றை முதலில் தொட்டான். தொடுவதற்குக் கொஞ்சம் முன்னால் கெண்டைக்கால் சதை பிடித்துக்கொண்டது. யாருக்கும் தெரியாது. மைதானத்துக் குழாயடிக்குப் போய்த் தண்ணீர் தேங்கிய குழிக்குள் காலை வைத்துக்கொண்டு நின்றான். அப்பா வந்தார். எதிரில், அதிகாரிகள் உட்கார்ந்திருந்த பந்தலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். முகத்தைக் கழுவினார். மறுபடியும் கழுவினார். அப்படியே போய்விட்டார்.

சாயங்காலம் இறுதி ஓட்டத்துக்குப் பேர் சொல்லும்போது, "கடைசிக்கு மாரப்பன் ஓடட்டும்," என்றார். அவ்வளவுதான். நடுவட்டம் தோட்டத்துக்காரர்களைத் தாண்டி மாரப்பன் ஜெயித்தான். நாலு பேரும் ஃபேக்டரிக்குப் போனார்கள். அடுத்த மாதம் போன நிரந்தரப் பட்டியலில் செல்லையாவின் பேரும் இருந்தது, ஆனால் தேயிலைக் காட்டு வேலை. இன்றுவரை முதுகில் மருந்து தெளிக்கும் டப்பா. மாரப்பனின் மாமன் ஆபீசில் பியூன். அதுதான் சங்கதி என்று செல்லையா முடிவு கட்டினான். அப்பாவிடம் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. ஒரே காம்பராவில் ஐந்து வருசம்.

"எப்ப எடுக்கறீங்க?" பீல்டு ஆபீசர் குடையோடு வந்து நின்றார். "ரெண்டு மணிக்கு மேல ஊத்தும்."

"இந்தா, எடுத்துரலாங்க ஐயா."

துக்கத்துக்கு வந்தாலும் அவர் கண் சும்மா இருக்காது. தற்காலிக ஆட்களில் யாரை நிரந்தரமாக்குவது என்று அடுத்த வாரம் பட்டியல் போகிறது. காலையில் பேர் கூப்பிடும் பெரட்டில் ஆளை நிறுத்தி, கைகால் சரியாக இருக்கிறதா என்று பார்த்து எழுதுகிறவர் அவர்தான். கைகாலில் குறை கண்டால் பேர் அடிபட்டுவிடும். காளிமுத்துவின் பேரும் அந்தப் பட்டியலுக்காகக் காத்திருந்தது.

அப்பாவைப் பாடையில் கிடத்தினார்கள். அம்மா காலைப் பிடித்துக்கொண்டாள். பெண்கள் அவளைப் பிரித்தெடுத்தார்கள். தப்பு மேளம் முழங்கத் தொடங்கியது. செல்லையா ஒவ்வொரு கட்டமாகப் பேர் சொன்னான். முதல் நாலு. நடு நாலு. கடைசிக் கட்டத்துக்கு மூன்று பேர் சொல்லிவிட்டுக் கோடியைப் பார்த்தான்.

காளிமுத்து சாக்கடையை விட்டு வெளியே காலை எடுத்து வைத்தான். வலது காலை. ஓரத்தை மட்டும் ஊன்றினான். அடுத்த அடி சரியாக நடந்தான், வேண்டுமென்றே சரியாக. பல்லைக் கடித்திருந்தது தாடையில் தெரிந்தது. காலையிலிருந்து அந்தக் கால் தண்ணீருக்குள்தான் இருந்தது என்பது செல்லையாவுக்கு அப்போதுதான் உறைத்தது. கூடவே கூடலூர்க் குழாயடியும். அப்பாவின் முகத்தைப் பார்த்தான். தாடையைச் சுற்றித் துணி கட்டியிருந்தது.

"கடைசிக் கட்டம், பின்னால, பள்ளப் பக்கம்," என்றான். "மாரப்பன்."

தப்பு நின்றது.

"எவன்?" என்றான் காளிமுத்து.

"மாரப்பன்."

"அவரு பெத்த மகன்டா நான்."

"ஒசரம் சரியில்ல."

"ஒசரமா?" என்று தலை நிமிர்ந்தார் இசக்கிமுத்து. "அவன விட நெட்டையா இங்க எவம்ல..." செல்லையா அவரைப் பார்த்தான். அவர் குனிந்து, ஏற்கெனவே இறுக்கியிருந்த முடிச்சை இன்னொரு தரம் இறுக்கினார்.

அம்மா வாசலில் நின்றாள். அவள் பார்த்த பார்வைக்கு, வாய்விட்டுக் கேட்டிருந்தாலே தேவலை.

காளிமுத்து கிட்டே வந்தான். குரலை இறக்கினான். "ஒனக்கு அவரு செஞ்சத நீ எனக்குச் செய்யிற."

"ஆமா."

"ஏன்னாச்சும் சொல்லு."

பீல்டு ஆபீசர் குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். செல்லையா தண்ணீர்க்குடத்தைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான்.

"தூக்குங்க," என்றான்.

குடம் சுமக்கிறவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. செல்லையாவுக்கு முன்னால் பாதை மட்டும்தான் இருந்தது. பின்னால் நடப்பதெல்லாம் காதுக்குத்தான். சேற்றிலிருந்து கால்கள் பிடுங்கும் சத்தம். முதல் வளைவில், "தோளு, தோளு," என்று குரல். புதுத் தோள் உள்ளே போன பிறகுதான் பழைய தோள் வெளியே வர வேண்டும், பாடை நிற்கக் கூடாது. நிற்கவில்லை. இரண்டாம் வளைவில் மறுபடியும் மாற்றினார்கள். தூறல் விழுந்தது. காளிமுத்து எங்கே வருகிறான், வருகிறானா என்றே தெரியவில்லை.

மூன்றாம் வளைவில் சர்ரென்று ஒரு சறுக்கல். மூங்கில் முனகியது. யாரோ ஆத்தா என்றார்கள். பிறகு எந்தச் சத்தமும் இல்லை. செல்லையாவின் குடத்திலிருந்து தண்ணீர் முதுகில் ஒழுகியது. கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. பிடித்து நிறுத்தினான்.

"போலாமுங்க," என்றான் மாரப்பன். மூச்சு இரைத்தது. "போங்க, போங்க."

போனார்கள். குழிக்கரையில்தான் பாடை தரையைத் தொட்டது. மாரப்பனின் முழங்காலில் தோல் பிய்ந்து சேறு அப்பியிருந்தது. செல்லையா மூன்று கை மண் போட்டான். குடத்தை உடைத்தான்.

திரும்பும் வழியில் ஓடையில் எல்லோரும் கால் கழுவினார்கள். காளிமுத்து கூட்டத்தோடு சேராமல் கீழே தனியாகப் போனான். கல்லில் உட்கார்ந்து, வலது காலை இரண்டு கையாலும் பிடித்துத் தண்ணீருக்குள் விட்டான். உள்ளங்கால் குதிவரை பிளந்து கிடந்தது. தண்ணீரில் சிவப்பாக ஒரு நூல் இறங்கி ஓடியது.

பீல்டு ஆபீசர் குடையை மடக்கிக்கொண்டு அந்தப் பக்கமாகத்தான் இறங்கினார்.

செல்லையா நான்கே எட்டில் ஓடைக்குள் இறங்கி, தம்பிக்கு எதிரில் போய் நின்றான். ஆபீசருக்கு முதுகு.

"என்ன செல்லையா, தம்பி தோள் குடுக்கலையே?" பின்னாலிருந்து அவர் குரல். "ஒடம்புக்கு ஏதும் முடியலையா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க ஐயா. ஒசரம் சரியில்ல."

காளிமுத்து தலை தூக்கி அண்ணனைப் பார்த்தான்.

செல்லையா குனிந்து இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி முகத்தைக் கழுவினான். மேட்டில் ஆபீசரின் பூட்ஸ் சத்தம் இன்னும் போகவில்லை. மறுபடியும் கழுவினான்.