வெட்டிய காட்சிகளின் எடை

எடிட்டரின் வீடு பதினான்கு ஆண்டுகளில் பதின்மூன்று படி பூமிக்குள் இறங்கியிருந்தது. முதலில் அது தெருவிலிருந்து மூன்று படி ஏறிப் போகும் வீடு. பிறகு தெருவோடு தெருவாக நின்றது. இப்போது வாசலுக்குப் போகப் பத்துப் படி இறங்க வேண்டும். காரணம் தெருவில் எல்லாருக்கும் தெரியும். கல்யாணம், பிறந்தநாள், பிரிவு உபசார விழா என்று அவர் வெட்டிக் கோத்துக் கொடுத்த ஒவ்வொரு வீடியோவுக்குப் பின்னாலும் உபயோகப்படாத காட்சிகள் பத்து மடங்கு மிஞ்சின. அவற்றை அழிக்காமல் ஹார்டு டிஸ்க்குகளில் போட்டுப் பின்னறை அலமாரியில் அடுக்கி வைத்திருந்தார். அந்தக் காட்சிகளுக்கு எடை இருந்தது. முதல் பத்து ஆண்டுகளில் வீடு இரண்டே படிதான் இறங்கியது. அதற்கப்புறம்தான் வேகம் பிடித்தது. புதுக் கேமரா வாங்கியதில் படத்தின் தெளிவு கூடி, அதனால் எடையும் கூடிவிட்டது என்று எடிட்டர் விளக்கம் சொன்னார். தொழில் தெரிந்தவர் சொல்கிறாரே என்று தெருவும் நம்பியது.

அழிக்காமல் வைத்ததற்கு ஒரு கதை உண்டு. தொழில் தொடங்கிய முதல் வருடம் ஒரு குமாஸ்தாவின் பிரிவு உபசார விழாவை எடுத்தார். மனிதர் நன்றி சொல்ல எழுந்து நின்று ஒன்றரை நிமிடம் இருமினார். அதை வெட்டிவிட்டு, வேலை முடிந்ததும் மிச்சத்தைச் சுத்தமாகத் துடைத்துவிட்டார். இரண்டு மாதம் கழித்து அந்தக் குமாஸ்தாவின் மனைவி தனியாக வந்தாள். "அவர் இருமினது இருந்தா அத மட்டும் குடுங்க தம்பி. வீட்ல அந்தச் சத்தந்தான் இல்ல," என்றாள். இல்லை என்று சொல்லி அவளை வெறுங்கையோடு அனுப்பினார். அன்றிலிருந்து ஒரு நொடியைக்கூட அழிப்பதில்லை என்று முடிவு செய்தார். அதற்குப் பிறகு மிச்சக் காட்சி வேண்டும் என்று கேட்டு யாரும் அந்த வாசலை மிதிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

மனைவி தையல்காரி. அவள் வெட்டி மிஞ்சிய துணியை அன்றன்றைக்கே பெருக்கித் தள்ளிவிடுவாள். பொத்தானைத் தவிர எதையும் சேர்த்து வைக்க மாட்டாள். மெஷினை ஜன்னலோரமாகப் போட்டிருந்தாள். அந்த ஜன்னலில் முதலில் தெருவில் போகிறவர்களின் முகம் தெரிந்தது, பிறகு வயிறு, பிறகு வெறும் கால். அதிலும் அவளுக்கு லாபம்தான். யாருடைய பேன்ட்டில் அடிமடிப்பு பிரிந்திருக்கிறது, எந்தப் பாவாடையின் ஓரம் தொங்குகிறது என்று கண்ணுக்கு நேராகப் பார்த்து, உள்ளிருந்தே கூப்பிட்டுத் தைத்துக் கொடுத்தாள். இத்தனை படி இறங்கி ஏற முட்டி ஒத்துழைக்கவில்லை என்று தபால்காரர் கடிதங்களை ஜன்னல் கம்பி வழியாக மெஷின் மேலேயே போட்டார். ஒரு தடவை மின்சார ரசீது ஒரு சட்டைக் காலரோடு சேர்ந்து தைபட்டுவிட்டது. ஸ்டூடியோ வைத்திருந்த நண்பர் ஒருவர் பெரிய மனசு பண்ணி இருபது டிஸ்க்குகளை வாங்கி வைத்துப் பார்த்தார். ஒரே வாரத்தில் அவர் கடையின் ஷட்டர் பாதியில் மாட்டிக்கொண்டது. அவரே ஆட்டோ பிடித்து வந்து திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். பிறகு அந்த டிஸ்க்குகளை யாரும் தங்கள் வாசல் தாண்ட விடவில்லை.

இவர்களுக்கு ஒரே மகள். போன வருடம், ஏழு வயதில், மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டாள். அதை இதற்குமேல் நீட்டிச் சொல்ல யாருக்கும் தெம்பில்லை. போனில் இருந்த பத்துப் பதினைந்து படங்களும், ஆஸ்பத்திரியில் அலைந்த அந்த நாட்களில் போன் தொலைந்தபோது அதோடு போயின. மிஞ்சியது பள்ளிக்கூட அடையாள அட்டையில் இருந்த ஒன்றுதான். அதிலும் கண் பாதி மூடியிருந்தது. ஊரார் வீட்டுக் குழந்தைகளை விரட்டி விரட்டிப் படம் பிடித்தவர், நாளைக்கு எடுக்கலாம், ஞாயிற்றுக்கிழமை எடுக்கலாம் என்று தன் குழந்தையைக் கேமராவில் ஒருநாளும் எடுக்கவில்லை. பதினோரு மாதமாகத் தையல்காரி தினம் ஒரு தடவையாவது அதைக் கேட்டாள். "ஊர்ல இருக்கிற பிள்ளைங்களையெல்லாம் எடுத்தீங்களே, நம்ம பிள்ளைய ஒரே ஒரு நாள் எடுத்திருக்கக் கூடாதா?" அவர் எழுந்து பின்னறைக்குப் போய்விடுவார்.

இந்த நிலையில்தான், மகள் போன பிறகு முதல் வேலையாக, ஒரு நூல் ஆலையின் ஐம்பதாம் ஆண்டு விழாப் படம் வந்தது. நாற்பத்தொரு மணி நேரம் எடுத்ததைப் பதினெட்டு நிமிடமாகச் சுருக்கிக் கொடுத்தார். படத்தை ஒப்படைத்துவிட்டு வந்து, மிச்சத்தை வழக்கம்போல டிஸ்க்கில் ஏற்றி முடித்த காலை பதினொரு மணிக்கு வீடு ஒரே அமுக்கில் ஒரு முழுப் படி இறங்கியது. அதுதான் பத்தாவது படி. நிலை கோணி, கதவு சிக்கிக்கொண்டது. எதிர் வீட்டு மாடிக்காரர் வந்து, கம்பியைப் பெயர்த்து, கணவன் மனைவி இருவரையும் ஜன்னல் வழியாக இழுத்து வெளியே போட்டார். மறுநாள் நகராட்சியிலிருந்து அளவெடுப்பவர் டேப்போடு வந்தார். சுவரைத் தட்டினார், மண்ணை முகர்ந்தார், பிறகு தாளில் எழுதினார்: கட்டடத்தில் குறையில்லை, மண்ணில் குறையில்லை, வீடு கனம். மழைக்கு மூன்று வாரம் இருக்கிறது, அதற்குள் வீடு ஏறவில்லை என்றால் காலி செய்து பூட்டுப் போட வேண்டியிருக்கும் என்று, வழியில் நிற்கும் சைக்கிளைத் தள்ளி நிறுத்தச் சொல்வது போலச் சொன்னார்.

"நம்மகிட்ட பிடிச்சு வெச்சிக்க நம்ம பிள்ளையோட ஒண்ணுமே இல்ல. ஊரான் வீட்டுக் கல்யாணத்தக் கட்டிக்கிட்டு நாம முழுகணுமா? எல்லாத்தையும் அழிச்சிடுங்க," என்றாள் தையல்காரி. எடிட்டர் பின்னறைக்குப் போய் அலமாரியைத் திறந்தார். பழைய டிஸ்க்கிலிருந்து தொடங்கினார். பார்த்தால் மனசு வராது என்பதால் எதையும் திறந்து பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு மொத்தமாக அழித்துக்கொண்டே போனார். முதல் பத்து வருடத்தை அழிக்க ஒரு வாரம் ஆனது, வீடு இரண்டு படி ஏறியது. எட்டாம் நாள் பதினோராம், பன்னிரண்டாம் வருடத்து டிஸ்க்குகளை எடுத்தார். அன்று பிற்பகல் வீடு குலுங்கிக் குலுங்கி நான்கு படி உயர்ந்தது. மெஷின் மேல் வெயில் விழுந்தது. எத்தனையோ காலத்துக்குப் பிறகு ஜன்னலில் ஒரு முகம் தெரிந்தது, மாடிக்காரரின் மனைவியுடையது. "ஐயோ, உனக்கு நரை விழுந்துடுச்சே!" என்று தையல்காரி சிரித்தாள். பதினோரு மாதத்தில் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. பின்னறையில் அதைக் கேட்ட எடிட்டருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்திலேயே பதின்மூன்றாம் வருடத்தின் முதல் டிஸ்க்கை மாட்டினார்.

சந்தோஷத்தில் விரல் தவறி, அழிப்பதற்குப் பதிலாக ஒரு துண்டு திறந்துகொண்டது. திரையில் ஒரு கல்யாண மேடை. முன்பல் இரண்டும் விழுந்த மகள் பக்கவாட்டிலிருந்து ஓடி வந்து கேமரா முன்னால் நின்றாள். "நாலு!" என்று சொல்லி கையை ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஓடிப்போனாள். பிறகு கல்யாணம் நடந்தது.

இரண்டு கேமராவும் தனியாக ஒரு ஒலிப்பதிவுக் கருவியும் வைத்து எடுப்பவர்கள், பிற்பாடு சத்தத்தைப் படத்தோடு பொருத்துவதற்காக ஒவ்வொரு துண்டின் தொடக்கத்திலும் யாரையாவது நிறுத்தி, துண்டின் எண்ணைச் சொல்லிக் கை தட்டச் சொல்வார்கள். ஐந்து வயதிலிருந்து லீவு நாட்களில் அப்பாவோடு தொற்றிக்கொண்டு போன மகள்தான் அதைச் செய்தாள். எடிட்டிங்கில் முதலில் வெட்டப்படுவது அந்தத் தட்டுதான். அவருக்கு அது சத்தம் பொருத்துகிற வேலை, மகளைப் படம் எடுத்த கணக்கில் அது என்றுமே சேரவில்லை. வெட்டுகிறவர் யார் தட்டுகிறார்கள் என்று பார்ப்பதில்லை. ஒலிக்கோட்டில் ஊசி மாதிரி எழும் ஒரு முனையைத்தான் பார்ப்பார், அதற்கு அந்தப் பக்கம் கத்தரி போடுவார். மூன்று வருடம் அவர் மகளை வெட்டிவிட்டுத்தான் வேலையையே தொடங்கியிருக்கிறார். வீடு எதனால் வேகம் பிடித்து இறங்கியது, சற்றுமுன் எதனால் நான்கு படி எழும்பியது என்பதெல்லாம் அவருக்கு அப்போது விளங்கியது. அழித்த டிஸ்க்குகளைப் பையில் அள்ளிக்கொண்டு, அழிந்ததை மீட்டுத் தருகிற கடைக்கு ஓடினார். கடைக்காரர் ஒவ்வொன்றாக உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார். "ஒண்ணும் இல்ல சார். அழிச்ச தடங்கூட இல்ல. தீப்பெட்டி கனம்கூட இல்லையே," என்று திருப்பித் தந்தார்.

மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், சொல்லத் தெரிந்த ஒரே விதமாக, அந்தத் துண்டைப் போட்டுக் காட்டினார். தையல்காரி ஊசியில் நூல் கோத்தபடியே பார்த்தாள். நூல் நுழையவில்லை. மகள் ஒரு நாள் மெஷினுக்குப் பக்கத்தில் வந்து நின்று, "அம்மா, நான்தான் எல்லாத்தையும் ஆரம்பிச்சு வைக்கிறேன்," என்று சொன்னதும், தான் தலை நிமிராமல் "சரி சரி, தள்ளி நில்லு" என்றதும் அவளுக்கு ஞாபகம் வந்தன. அவள் கத்துவாள் என்று அவர் எதிர்பார்த்தார். கத்தினால் தேவலை என்றிருந்தது.

"அஞ்சு வயசு?" என்று கேட்டாள்.

"போச்சு."

"ஆறு?"

"போச்சு. நாந்தான்... இன்னிக்கு..."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "ஏழு எங்க இருக்கு? காட்டுங்க."

ஆலைப் படத்தின் மிச்சத்தை அன்றே அழித்ததில் வீடு ஒரு படி ஏறி, தெருவுக்கு மூன்று படி கீழே நின்றது. மீதி இருந்தது பதின்மூன்றாம் வருடம் மட்டும். ஐம்பத்தேழு விசேஷங்கள், நாலாயிரத்துச் சொச்சம் துண்டுகள். லீவு நாளில் எடுத்த சிலவற்றில்தான் மகள் இருந்தாள்; எவற்றில் என்று திறந்து பார்த்தால்தான் தெரியும். இத்தனை காலம் தட்டை வெட்டிவிட்டு மீதியை வைத்துக்கொண்டவர், இப்போது மீதியை வெட்டிவிட்டுத் தட்டை எடுத்து வைத்தார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இருவரும் முறை மாற்றி உட்கார்ந்தார்கள். தையல்காரி அரை நாளில் வேலையைக் கற்றுக்கொண்டாள். துணியில் அரை விரல் விட்டு வெட்டுகிற பழக்கத்தில், மகள் ஓடி வருகிற காலடியும் ஓடிப்போகிற முதுகும் விட்டுப்போகாமல் வெட்டினாள். சிவப்புச் சட்டை, மஞ்சள் சட்டை, அவளே தைத்துக் கை நீளமாகிப்போன நீலச் சட்டை என்று மகள் வந்து வந்து போனாள். ஒவ்வொரு துண்டும் குறையக் குறைய வீடு நூலளவு ஏறியது. ஏன் இவ்வளவு மெதுவாக ஏறுகிறது என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள் மழை வந்துவிட்டது. காலண்டரைப் பார்த்து வருகிற மழை அல்ல அது. வீடு ஒரு விரல் ஏறினால் தெருத் தண்ணீர் இரண்டு விரல் ஏறியது. வாசலைத் தாண்டி, மெஷின் மிதியை மூடி, பின்னறைக்கு வந்தது. மாடிக்காரர் மொட்டை மாடியிலிருந்து, "ஆளுங்க ரெண்டு பேரும் வாங்க, படுக்க இடம் தரேன். அந்த டிஸ்க்குங்க மட்டும் வேணாம்!" என்று கத்தினார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவருக்கும் வீடு ஒன்றுதான். எடிட்டர் கம்ப்யூட்டரை மேசை மேலும், மேசையைச் செங்கல் மேலும் ஏற்றினார். ஐந்தாம் நாள் மத்தியானம் தண்ணீர் சுவரில் இருந்த பிளக்குக்கு நாலு விரல் கீழே நின்றது. இன்னும் ஒன்பது கல்யாணம் பாக்கி. பிளக்கைத் தண்ணீர் தொட்டால் கம்ப்யூட்டரும் போகும், அதில் சேர்த்து வைத்த அத்தனை தட்டும் போகும். ஒன்பதையும் பார்த்து முடிக்க முழுதாக ஒரு நாளாவது வேண்டும்.

"ஒரே ஒரு கல்யாணம்... இது ஒண்ணு மட்டும் பார்த்துடறேன்," என்று அவர் கெஞ்சினார். யாரிடம் கெஞ்சினார் என்று அவருக்கே தெரியாது. தண்ணீர் மூன்று விரலுக்கு வந்தது. தையல்காரி அவர் கை மேல் தன் கையை வைத்தாள். "அழிங்க," என்றாள். அவர் விரல் எழவில்லை. அவள்தான் அவர் விரலைப் பிடித்து அழுத்தினாள், ஒரு தடவை அல்ல, ஒன்பது தடவை. ஒவ்வொரு தடவையும் வீடு எழும்பியது. ஒன்பதும் போனபோது வீடு ஒரு முழுப் படி ஏறியிருந்தது. தண்ணீர் பிளக்கை விட்டு விலகி, வாசல் வழியாகத் திரும்பிப் போனது. இடுப்பளவு நனைந்த புடவையோடு அவள் அந்தச் சேற்றில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அவரும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார். மழை இரைச்சலில் தெருவில் யாருக்கும் கேட்கவில்லை.

மழைக்காலம் முடிந்து அளவெடுப்பவர் வந்தார். அலமாரி காலி, வீடு பழையபடி மூன்று படி மேலே இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. வீடு தெருவுக்கு ஒரு படி கீழே நின்றது. டேப்பை இரண்டு முறை போட்டுப் பார்த்துவிட்டு, உள்ளே இன்னும் என்ன இருக்கிறது என்று கேட்டார். எட்டு நிமிடம் என்றார் எடிட்டர். எட்டு நிமிடம் நாலு படி கனக்குமா என்று யோசித்தவர், உட்கார்ந்து அந்த எட்டு நிமிடத்தையும் பார்த்தார். எழுந்து, தாளில் கனம் சரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

கொத்தனார் ஒருவர், ஒரு மூட்டை சிமென்ட் போதும், வாசலை மேடு பண்ணித் தெருவுக்குச் சமமாக்கித் தருகிறேன் என்று கேட்டுப் பார்த்தார். தையல்காரி காதில் போட்டுக்கொள்ளவில்லை. தபால்காரர் மறுபடி வாசலுக்கே வருகிறார். எடிட்டர் இப்போதும் கல்யாணங்களுக்குப் போகிறார். தட்டுகளைத் தானே தட்டிக்கொள்கிறார். வேலை முடிந்த அன்றே மிச்சத்தைத் துடைத்துவிடுகிறார். அந்த வாசலில் முதல் தடவை வருகிற எவரும் தடுமாறுவார்கள். மெஷின் சத்தம் நிற்கும், உள்ளிருந்து அவள் குரல் வரும்: "பார்த்து வாங்க. இங்க ஒரு படி இறங்கணும், எங்க பிள்ள இருக்கா."