குங்குமம் வைத்த துப்பாக்கி

கடைக்காரர் என் கொழுந்தனார் சபரியின் கையைப் பிடித்துக் குலுக்கி, "கங்கிராஜுலேஷன்ஸ்" என்றார். வீட்டில் பிள்ளை பிறந்தவனிடம் சிரிக்கிற சிரிப்பு. துப்பாக்கிப் பெட்டியோடு ஒரு தொப்பி இலவசம். என் வீட்டுக்காரர் ஜெயபிரகாஷ் அந்தத் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்து, அங்கிருந்த கண்ணாடியில் அழகு பார்த்துக்கொண்டார்.

இது நடந்தது தொண்ணூற்றொன்பதில், டெக்சாஸில், கேட்டி என்கிற ஊரில். முதலில் சபரியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டு ஆம்பிளைகளிலேயே சமையலறைக்குள் வந்து வெங்காயம் உரித்துக் கொடுக்கிற ஒரே ஆள் அவன்தான். எம்.எஸ். படிக்க வந்தான், வேலை கிடைத்தது, எங்களோடு தங்கினான். தொண்ணூற்றாறில் ஒருநாள் வேலை விட்டு வந்தவன் ஏசி ஓட்டைகளுக்கெல்லாம் டேப் ஒட்ட ஆரம்பித்தான். அது வழியாக யாரோ தன்னைத் திட்டுகிறார்கள் என்றான். சாப்பாட்டை முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுக்கினான். கண் உள்ளே போய்விட்டது.

"இங்க ஒரு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போலாமுங்க" என்றேன்.

"இங்க காமிச்சா ரெக்கார்டுல ஏறிரும் வசந்தா. கிரீன் கார்டு ஃபைல் இப்பத்தான் மூவ் ஆகுது" என்றார் என் வீட்டுக்காரர்.

கோபியிலிருந்து மாமனார் நஞ்சுண்டன் போனில் இன்னொன்றும் சொன்னார். பேர் கெட்டுவிட்டால் நாளைக்குப் பையன் விலை போக மாட்டானாம். விலையாம்! சந்தைக்கு ஓட்டிப் போகிற மாட்டைப் பற்றிக்கூட இதைவிட மரியாதையாகப் பேசுவார்கள்.

ஆக, அவனை விமானம் ஏற்றிக் கோயமுத்தூருக்கு அனுப்பினார்கள். நல்ல டாக்டர்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் அங்கேயும் தெரிந்தவன் எவனாவது பார்த்துத் தொலைத்தால் என்ன செய்வது? அதற்கும் மாமனார் வழி வைத்திருந்தார். எங்கள் அரிசி மில் லாரி ஓட்டுகிற மாரிசாமியின் பேரில் அவனைப் பதிந்துவிட்டார். அந்த மனுஷன் திம்பம் மலைப்பாதையில் ஒரு கீறல் விழாமல் வண்டி ஓட்டுகிறவர். அந்த ஆஸ்பத்திரிக் கணக்குப்படி புத்தி சரியில்லாதவர் அவர். மாரிசாமிக்கு இது இன்னும் தெரியாது.

சபரி தேறி வந்தான். ஊரிலிருந்து வருகிற ஒவ்வொருவரும் சாம்பார்ப் பொடிப் பொட்டலத்துக்குள் அவனுக்கு மாத்திரை கொண்டு வந்தார்கள். மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தவரை பழைய சபரியாகவே இருந்தான், வேலைக்குப் போனான், என் மகள் மானஸாவுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தான். அவனுக்குக் கிரீன் கார்டும் வந்தது. வந்ததும் பெண் பார்க்க ஆரம்பித்தார்கள். கூடவே மாமியார் நாகரத்தினமும் வந்து இறங்கினார்.

பெண்ணின் பேர் ஓவியா. நியூ ஜெர்சியில் மான்மவுத் ஜங்ஷனில் தங்கி, கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்கிறவள். அவள் அப்பா சேனாபதி பவானிக்காரர், மகளைப் பார்க்க வந்திருந்தார். இரண்டு பேரும் அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டிக்கு வந்து பையனைப் பார்ப்பதாக ஏற்பாடு. மாமியார் மகனின் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மாத்திர தின்னு தின்னு மூஞ்சியெல்லாம் உப்பிக் கெடக்குது. பொண்ணு வூட்டுக்காரங்க வந்து பாக்கறப்ப பூசணிக்காயாட்டம் இருந்தா நல்லாவா இருக்கும்?"

அவ்வளவுதான். மாத்திரைகள் குப்பைக் கூடைக்குப் போயின. நான் பொறுக்கி எடுத்ததைப் பிடுங்கித் திரும்பவும் போட்டார். பெற்ற பிள்ளையின் புத்தியை அழகுக்காகக் கழற்றி வைக்கிற தாயை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

முகம் வற்றியது, குரல்கள் திரும்ப வந்தன. இந்த முறை பக்கத்து வீட்டுக் கிழவர். பாவம், அவர் பாட்டுக்குச் செடி வெட்டிக்கொண்டிருப்பார். அந்தக் கத்திரிச் சத்தத்தில் தனக்கு ஏதோ தகவல் அனுப்புகிறார் என்றான் சபரி. ஒரு கைத்துப்பாக்கி வேண்டும், அது கையில் இருந்தால்தான் தூக்கம் வரும், வாங்கித் தராவிட்டால் அவர்கள் வருகிற ஞாயிற்றுக்கிழமை ரூமை விட்டு வெளியே வரமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டான்.

பைத்தியம் பிடித்தது அவனுக்கா மற்றவர்களுக்கா என்று எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது. மாமியார் சொன்னார், "எங்கப்பாருகிட்ட இல்லாத துப்பாக்கியா? தோட்டத்துல கொக்கு சுட வெச்சிருந்தாரு. வாங்கிக் குடுத்துத் தொலைங்கடா. அவங்க வந்துட்டுப் போறவரைக்கும் சத்தமில்லாம இருப்பானல்ல?" என் வீட்டுக்காரர் தலையாட்டினார். அழுகிற குழந்தைக்கு மிட்டாய் வாங்கிக் கொடுக்கிற யோசனைதான்.

"ஏனுங்க, வூட்ல ஆறு வயசுப் புள்ள இருக்குதுங்க" என்றேன்.

"செக் பண்ணாமயா குடுப்பாங்க? இப்பப் புதுசா லா வந்திருக்குது. ஏதாச்சும் இருந்தா அவங்களே ரிஜெக்ட் பண்ணிருவாங்க" என்றார்.

அதை நம்பித்தான் நானும் காரில் ஏறினேன். எப்படியும் நிறுத்திவிடுவார்கள் என்றிருந்தேன். பெரிய அரசாங்கம், எதையாவது கண்டுபிடிக்காமலா போய்விடும்?

கடை ஃப்ரீவே ஓரத்தில், மெத்தைக் கடைக்கும் ஐஸ்கிரீம் கடைக்கும் நடுவில் இருந்தது. சபரி கேள்விகளுக்கெல்லாம் பதில் எழுதிக் கொடுத்தான். கடைக்காரர் போனில் அவன் பேரைச் சொன்னார், பிறந்த தேதியைச் சொன்னார், காத்திருக்கும்போது காபி குடித்தார். காபி ஆறுவதற்குள் பதில் வந்துவிட்டது. ஒரு குறையும் இல்லை. எப்படி இருக்கும்? குறையெல்லாம் கடல் தாண்டிக் கோயமுத்தூரில், மாரிசாமியின் தலையில் அல்லவா இருக்கிறது.

நான் முன்னால் போய் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். இவனுக்கு உடம்பு சரியில்லை, தலைக்குள் குரல் கேட்கிறது, கொடுக்காதீர்கள் என்றேன்.

கடைக்காரரின் சிரிப்பு நின்றது. எந்த ஜட்ஜாவது இவனை ஆஸ்பத்திரியில் அடைக்கச் சொன்னதுண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் சட்டம் தடுக்காது என்றார். ஆனால் அவர் பெட்டியைச் சபரியிடம் தள்ளவில்லை. என் வீட்டுக்காரரைப் பார்த்துத் திரும்பினார்.

"நீங்கள் கூடப் பிறந்த அண்ணன்தானே? இது என் கடை. எனக்குப் பிடிக்காவிட்டால் யாருக்கும் விற்க மாட்டேன். நீங்களே சொல்லுங்கள். உங்கள் தம்பி நன்றாக இருக்கிறாரா?"

ஒரு வார்த்தை போதும். ஊர் பேர் தெரியாத ஒரு வெள்ளைக்காரர், இன்னொரு முறை பார்க்கப் போவதே இல்லாத ஆள். அவரிடம் ஒரே ஒரு வார்த்தை.

"ஹி இஸ் பெர்ஃபெக்ட்லி ஃபைன்" என்றார் என் வீட்டுக்காரர். "என் மனைவி கிராமத்துப் பெண். துப்பாக்கியைப் பார்த்தால் பயம்."

இரண்டு ஆண்களும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு அந்தக் கைகுலுக்கலும் கங்கிராஜுலேஷனும் தொப்பியும். சபரி மட்டும் சிரிக்கவில்லை. பெட்டியை மார்போடு அணைத்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

வீட்டுக்கு வந்ததும் இன்னொரு கூத்து. புதுசாக எது வாங்கினாலும் சாமி முன்னால் வைப்பது எங்கள் வழக்கம். மிக்ஸியானாலும் காரானாலும் பொட்டு வைக்காமல் எடுக்க மாட்டோம். மாமியார் துப்பாக்கிப் பெட்டியை வாங்கி முருகன் படத்துக்குக் கீழே வைத்து, சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, சூடம் காட்டினார். "நல்லபடியா ஞாயித்துக்கிழமை முடியோணும் சாமி" என்று கும்பிட்டார். என் வீட்டுக்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் மானஸாவைத் தூக்கிக்கொண்டு வெளியே போய் உட்கார்ந்தேன். அந்தப் புகையை மூச்சில் இழுக்கக்கூட அருவருப்பாக இருந்தது.

சபரி அதைத் தலையணைக்குக் கீழே வைத்துப் படுத்தான். தூக்கம் வந்ததா? இப்போது பயம் வேறு மாதிரி ஆகிவிட்டது. துப்பாக்கி இருப்பது கிழவருக்குத் தெரிந்துவிட்டது, அதற்காகவே வருவார் என்றான்.

ஞாயிற்றுக்கிழமை சேனாபதியும் ஓவியாவும் வந்தார்கள். சபரிக்குப் பட்டை பட்டையாகக் கோடு போட்ட சட்டை மாட்டி சோபாவில் உட்கார வைத்திருந்தார்கள். வற்றிய கன்னத்தோடு அழகாகத்தான் இருந்தான். சேனாபதி கேசரியை வழித்துச் சாப்பிட்டுக்கொண்டே, "நாங்க நாலு பக்கம் விசாரிச்சமுங்க. ஒருத்தர் வாயிலயும் ஒரு குத்தம் வரலீங்க. அத்தன பேரும் தங்கமான பையன்னாங்க" என்றார். மாமியாருக்கு முகமெல்லாம் பல். அந்தக் கடைக்காரருக்கு வந்த அதே பதில்தான் இவருக்கும் வந்திருக்கிறது.

ஓவியா தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்தாள். ஒல்லியான பெண், கையில் ஒரு வாட்ச், பொட்டுப்போல ஒரு மூக்குத்தி. இந்தக் கழுத்தில்தான் அடுத்த தையில் தாலி ஏறப் போகிறது, அப்புறம் அந்தத் தலையணைக்குப் பக்கத்தில்தான் இவள் தலை வைத்துப் படுக்கப் போகிறாள் என்று நினைத்தபோது என்னால் பொறுக்க முடியவில்லை. கையைப் பிடித்துச் சபரியின் ரூமுக்குக் கூட்டிப் போனேன். தலையணையைத் தூக்கிக் காட்டினேன். பெட்டி, அதன்மேல் காய்ந்த சந்தனம், குங்குமம். கோயமுத்தூர், மாரிசாமி, மாத்திரை எல்லாவற்றையும் சொன்னேன்.

"நெஜமாவா அக்கா?"

"எம் புள்ள மேல சத்தியமா."

அவள் முகம் வெளுத்துவிட்டது. அழுவாள், அப்பாவைத் தனியாகக் கூப்பிடுவாள் என்று எதிர்பார்த்தேன். நேரே ஹாலுக்குப் போய் என் வீட்டுக்காரர் முன்னால் நின்றாள்.

"ஒண்ணு கேக்கறனுங்க. உங்க தம்பி நல்லா இருக்காருங்களா? மனசு உடம்பு எல்லாம்?"

அதே கேள்வி. என் வீட்டுக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"ஹி இஸ் பெர்ஃபெக்ட்லி ஃபைன்மா. வசந்தா ஏதாச்சும் உளறுனாளா? அவளுக்கு எதுக்கெடுத்தாலும் பயம்" என்றார். கேட்டவர் மாறியும் பதிலில் ஒரு எழுத்துக்கூட மாறவில்லை.

"நா நல்லா இல்லீங்க."

சபரிதான். சோபாவின் நுனியில் உட்கார்ந்தபடி, கைகளை முழங்காலுக்கு நடுவே வைத்துக்கொண்டு சொன்னான். "எனக்குக் குரல் கேக்குது. இப்பவும் கேக்குது. உங்களக் கல்யாணம் பண்ணக் கூடாதுன்னு கேக்கல, உங்களயும் நம்பாதேன்னு கேக்குது. அன்னிக்குத் துப்பாக்கிக் கடையில அண்ணி சொன்னது நெஜம். அந்தாளு அண்ணன்கிட்டக் கேட்டாரு. அண்ணன் சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பாரு. நானே வேணுமின்னு அழுதுட்டு, நானே யாராச்சும் வேண்டாம்னு சொல்லமாட்டாங்களான்னு நின்னேன்."

"வாய மூடுறா!" என்று மாமியார் பாய்ந்தார். அவன் தலையில் கை வைக்க அவருக்குத் தோன்றவில்லை. "தமாசு பண்றானுங்க, சின்ன வயசிலிருந்தே இப்பிடித்தான்" என்று சேனாபதியைப் பார்த்துச் சிரித்தார்.

சேனாபதி எழுந்தவர், கொஞ்சம் தயங்கி, என் வீட்டுக்காரர் பக்கம் குனிந்தார். "கிரீன் கார்டு வந்திருச்சுன்னீங்களே, அதாச்சும் நெஜமுங்களா?"

"அப்பா, கெளம்பி வாங்க" என்றாள் ஓவியா. போகும்போது சபரியின் முன்னால் ஒரு நிமிஷம் நின்று, "தேங்க்ஸுங்க" என்றாள். அன்றைக்கு அந்த வீட்டில் அவனிடம் மனுஷத்தனமாகப் பேசியது அவள் ஒருத்திதான்.

"அண்ணி, காரை எடுக்கறீங்களா?" என்றான் சபரி.

என் வீட்டுக்காரர் வாசலை மறித்துக்கொண்டு நின்றார். பக்கத்து வீட்டுக் கிழவரைக் கூப்பிட்டுக் கத்தட்டுமா என்று கேட்டேன். ஊருக்குத் தெரிந்துவிடும் என்ற பயத்தில் உடனே நகர்ந்துவிட்டார். பெட்டியை டிக்கியில் போட்டேன், மானஸாவை முன்சீட்டில் என் பக்கத்தில் உட்கார வைத்தேன்.

ஆஸ்பத்திரி வாசலில் நின்ற போலீஸ்காரரிடம் விஷயத்தைச் சொல்லிப் பெட்டியைக் கொடுத்தேன். அவர் மூடியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இது என்ன, ரத்தமா என்று கேட்டார். குங்குமம் என்றேன். அவருக்குப் புரியவில்லை, எனக்கும் விளக்கம் சொல்லத் தெம்பில்லை. உள்ளே ஒரு டாக்டரம்மா சபரியிடம் நெடுநேரம் பேசினார். அவன் என் கையைப் பிடித்தபடியே எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான். முன்பு வைத்தியம் பார்த்ததுண்டா என்று கேட்டபோது, உண்டு என்று அவனே சொன்னான். பிறகு ஊசி போட்டார்கள். இரண்டு வாரமாகத் தூங்காதவன் தூங்கிப்போனான்.

வெளியே வந்து வீட்டுக்குப் போன் செய்தேன். முதல் மணியிலேயே என் வீட்டுக்காரர் எடுத்தார். தம்பி எப்படி இருக்கிறான் என்று கேட்பார், அதற்கு என்ன சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் தயார் செய்து வைத்திருந்தேன்.

"வசந்தா," என்றார், குரலைத் தாழ்த்தி. "எந்தப் பேர்ல பதிஞ்சே?"

"அவன் பேர்லதானுங்க" என்றேன். "சபரி நஞ்சுண்டன். உங்கப்பா பேரையும் சேத்தி."