திரையில் விரிந்த பத்தாவது தாள்

கூடுவாஞ்சேரி கல்லூரி ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் முஜீபுக்குப் பயிர் வைக்கிற வேலை. நிலம், தபால்தலை அகல பிளாஸ்டிக் தாள். ஏர், லேசர். லேசர் உழுத இடத்தில் விதை தடவி, துத்தநாகக் கரைசலில் முக்கி, சூட்டடுப்பில் ஆறு மணி நேரம் விட்டால் துத்தநாக ஆக்சைடு ஊசி ஊசியாய் முளைக்கும். தலைமுடித் தடிமனுக்குள் ஆயிரம் ஊசி அடங்கும். ஒரு தாளில் முளைத்ததை எண்ண உட்கார்ந்தவர் ஓய்வு பெற்றே போனார், பாதிகூட முடியவில்லை.

எண்ணெய்ப் பசை பட்ட இடத்தில் மட்டும் ஊசி முளைக்காது. இதை ஊருக்கெல்லாம் ஓதுகிறவன் முஜீப்தான். அவனேதான் மூன்று மாதம் முன்பு, கையுறை டப்பா காலி என்று, வடை தின்ற கையோடு பத்துத் தாளை எடுத்து முக்கினான். ஒன்பது தாள் திட்டுத் திட்டாய்க் கெட்டது.

"எவன்யா வெறுங்கையால தொட்டது?" என்றார் பேராசிரியர் வெங்கடேசன்.

முஜீப், உடன் வேலை செய்யும் துர்காதேவியைத் திரும்பிப் பார்த்தான், அவ்வளவுதான். அதுவே போதுமாயிருந்தது. அன்றிலிருந்து அவள் பாட்டில் கழுவினாள். ஆய்வுக் கட்டுரையிலிருந்து அவள் பெயரும் போயிற்று.

பத்தாவது தாளில் மட்டும் அழகழகாய் வளைகோடுகள். ஊசிகள் தாமாகவே அலைபோல் அணிவகுக்கின்றன என்று பேராசிரியர் எழுதிவிட்டார். மாமல்லபுரம் கடற்கரை ஓட்டலில் நடந்த கருத்தரங்கில் அந்த அலையை இருபதடித் திரையில் போட்டார். முஜீப் நிமிர்ந்து பார்த்தான். கோடுகளுக்குக் குறுக்கே ஒரு வெட்டு. நண்டு ஓடு கிழித்த அவன் கட்டைவிரல் தழும்பு, இரண்டு ஆள் உயரத்துக்கு.

மதியம் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டே சாப்பிட்டான்.

"இன்னா முஜீப்ணா, பிரியாணிய இடதுகையில ஸ்பூன் வெச்சு துன்னுகினு கீற? அண்ணிகிட்ட போட்டுக் குடுத்துடுவேன்!" சாமான் தூக்க வந்திருந்த துர்கா சிரித்தாள். அவள் இலையிலிருந்த முட்டையை அவனுக்கு வைத்தாள். அவன் அதை இலை ஓரத்துக்கு ஒதுக்கினான்.

சாப்பாட்டுக்குப் பின் கேள்வி நேரம். "அந்தக் குறுக்கு வெட்டு எப்படி வந்தது?" என்றார் வெளியூர்க்காரர் ஒருவர்.

"இயற்கையின் புதிர்," என்றார் வெங்கடேசன்.

முஜீப் எழுந்தான். "புதிர் இல்ல சார். அது என் கட்டைவிரல் ரேகை. கெட்டுப்போன ஒன்பதும் வடை தின்ன என் கைதான். துர்கா தொடவேயில்ல."

அரங்கம் நகைச்சுவை என்று கைதட்டியது. அவன் மேடையேறி, தாள்களைத் திரையில் காட்டும் கேமராவின் கீழ் விரலை வைத்தான். திரையில் இரண்டு தழும்பும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றன. கைதட்டல் அடங்கியது. பேராசிரியர் நாற்காலியைத் தேடினார்.

வெளியே வராந்தாவில் துர்கா நின்றிருந்தாள். முகத்தில் சிரிப்பில்லை.

"வடை துன்ன கை, சரி. பயந்துகினு சொல்லல, அதுவும் சரி. அன்னிக்கு எதுக்குண்ணா என்னப் பாத்த?"

விரலுக்கு விளக்கம் சொல்லத் தெரிந்தவனுக்குக் கண்ணுக்குச் சொல்லத் தெரியவில்லை.  அவள் செங்கல்பட்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.