பன்னிரண்டு கொக்கிகள்

இசக்கிச்செல்வி கணவனின் கறுப்பு பூட்ஸைக் கவிழ்த்துத் தட்டியபோது உள்ளேயிருந்து ஓர் இரும்புக் குச்சி விழுந்தது. விரல் நீளம். ஒரு முனையில் வளையம், வளையத்தில் சிவப்பு ரிப்பன்.

“ஏங்க, இது என்னது? பூட்ஸுக்குள்ள கெடக்கு. யாரு கட்டின ரிப்பன் இது?”

பல் துலக்கிக்கொண்டிருந்த நம்பிராஜன் வாயில் நுரையோடு வந்து பார்த்தான். துப்ப மறந்து விழுங்கிவிட்டான்.

அந்தக் குச்சி என்ன வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் அவன் ஏன் விழுங்கினான் என்பது புரியும்.

நம்பிராஜன் வேலை பார்க்கும் போர்க்கப்பலின் மேல்தளத்தில் பன்னிரண்டு குழல்கள் கொண்ட ராக்கெட் ஏவி ஒன்று உண்டு. அந்த ராக்கெட்டுகள் யாரையும் தாக்குவதற்கு அல்ல, ஏமாற்றுவதற்கு. கப்பலை அழிக்க வரும் ஏவுகணை, தன் மூக்கிலிருக்கும் ரேடாரால் கப்பலைத் தேடிக்கொண்டே வரும். அப்போது இந்த ராக்கெட் வானில் வெடித்து, உலோகம் பூசிய கண்ணாடி இழைகளை லட்சக்கணக்கில் தூவும். தலைமுடியைவிட மெல்லிய இழைகள். ரேடாரின் கண்ணுக்கு அந்த மேகம் இன்னொரு கப்பல். ஏவுகணை அதைத் துரத்திப் போய்விடும்.

ராக்கெட்டைப் பற்றவைப்பது மின்சாரம். ஒவ்வொரு குழலின் பக்கத்திலும் ஒரு சிறு துளை இருக்கிறது. அதில் இந்தக் குச்சியைச் செருகினால் உள்ளே தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு செப்புத் தகடுகள் விலகும், மின்சாரத்தின் பாதை அறும். கப்பலில் இதைப் பின் என்பார்கள். கடலுக்குப் புறப்படும்போது பின்களை உருவிவிடுவார்கள். ராக்கெட்டை ஏற்றும்போதும் இறக்கும்போதும் மறுபடி செருகுவார்கள். ஏனென்றால் அப்போது ஒரு மனிதன் குழலின் வாய்க்கு நேராக நின்று ராக்கெட்டைக் கையால் பிடித்துக்கொண்டிருப்பான்.

உருவிய பின்கள் ஒரு பலகையில் தொங்கும். குழலுக்கு ஒன்றாகப் பன்னிரண்டு கொக்கி, பன்னிரண்டு பின். ஒரு கொக்கி காலியாக இருந்தாலும் அந்த அணியில் யாரும் கரையிறங்க முடியாது. எண்ணக்கூட வேண்டாம், பார்த்தாலே தெரிந்துவிடும். அழகான ஏற்பாடு.

அந்த அழகான ஏற்பாட்டை ஐந்து நாள் முன்பு நம்பிராஜன் ஏமாற்றியிருந்தான்.

மகளின் காதுகுத்துக்கு விடுப்பு. மாலை ஆறரைக்கு ரயில். கப்பல் மறுநாள் அவன் இல்லாமல் புறப்படும். கடைசி வேலையாகப் பின்களை உருவி வந்து மாட்டினான். ஏழாவது கொக்கி காலி. தளத்தில் தவழ்ந்து தேடினான். மணி ஐந்தே கால். பயிற்சி அறையில் மாதிரி ஏவி ஒன்று இருந்தது. அதன் பின்களில் நீல ரிப்பன். பார்வைக்கு அதேதான், ஆனால் ஒரு விரல்நகம் அளவுக்குக் குட்டை. நீல ரிப்பனை அவிழ்த்து, சிவப்பு கட்டி, மாட்டிவிட்டு ஓடினான். எங்கே போய்விடப்போகிறது, திரும்பி வந்து தேடி மாட்டிவிடலாம் என்று நினைத்தான். உருவும்போது அவனறியாமல் சட்டைப்பையில் போட்ட உண்மையான பின், உடை மாற்றியபோது நழுவி, பக்கத்திலிருந்த பூட்ஸுக்குள் விழுந்திருக்க வேண்டும்.

குட்டைப் பின்னும் துளைக்குள் போகும். ‘டிக்’ என்று சத்தமும் கேட்கும். தகடுகள் மட்டும் விலகாது.

“கப்பல் வெள்ளிக்கிழமதான கரைக்கு வரும்?” என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டான். இன்று திங்கள். புதன் ரயிலில் ஏறினால் வியாழன் இரவு கடற்படைத் தளத்தில் இருக்கலாம். யாருக்கும் தெரியாமல் மாற்றிவிடலாம். அடுத்த மாதப் பதவி உயர்வுப் பட்டியலில் அவன் பெயர் இருந்தது. வாயைத் திறந்தால் அது போகும், விசாரணையும் வரும்.

பின்னைச் சட்டைப்பைக்குள் போட்டான். எடுத்தான். மறுபடி போட்டான்.

அன்று ஐந்தருவிக்குப் போவதாக ஏற்பாடு. கப்பலில் அவனோடு அதே ஏவியில் வேலை பார்க்கும் ஜஸ்டினின் மனைவி பெர்சிஸும் வீரகேரளம்புதூரிலிருந்து வந்துவிட்டாள். சாரல் பிடித்திருந்தது. நம்பிராஜன் ஆண்கள் வரிசையில் நின்றான், விலகினான், மறுபடி கடைசியில் போய் நின்றான், எண்ணெய் தேய்க்கிறவர் கூப்பிட்டது காதில் விழாமல் படியேறி வந்துவிட்டான்.

குளித்துவிட்டுத் தலைதுவட்டியபடி வந்த பெர்சிஸ் சிரித்தாள். “என்ன அண்ணாச்சி, கப்பக்காரரே தண்ணிக்குப் பயந்தா எப்படி? அங்கன சின்னப் புள்ளைக எல்லாம் குளிக்கி.”

“கூட்டமா இருக்கும்மா.”

“அவரு காலைல பேசினாரு. கப்பலு நேத்தே வந்துட்டாம். எஞ்சின்ல என்னமோ கோளாறாம். இன்னைக்கு ராக்கெட்டெல்லாம் எறக்குதாங்களாம். ‘நம்பி அருவில குளிக்கான், எல்லா வேலையும் என் தலைல’ன்னு ஒரே பொலம்பல்.”

 நம்பிராஜன் போனை எடுத்துக்கொண்டு நடந்தான், பிறகு ஓடினான். இசக்கிச்செல்வி பின்னாலிருந்து, “ஏங்க, சாப்பாட்டுப் பையி!” என்று கத்தினாள்.

ஜஸ்டினின் போன் அணைந்திருந்தது. அணைந்துதான் இருக்கும். வெடிபொருளைத் தொடும் இடத்தில் போன் கூடாது. போனிலிருந்து கிளம்பும் அலை, திரியிலுள்ள மெல்லிய கம்பியில் மின்சாரத்தைக் கிளப்பிவிடக்கூடும். போன்களைப் பிடுங்கிப் பெட்டியில் போட்டுப் பூட்டுவது வழக்கமாக நம்பிராஜனின் வேலை.

ரம்புட்டான் பழம் குவித்திருந்த கடையைத் தாண்டியதும் சிக்னல் கிடைத்தது. பணியிலிருந்த அதிகாரியை அழைத்தான். அவர் இந்தியில், “என்ன நம்பி, விடுப்பை நீட்டிக்க வேண்டுமா?” என்றார்.

“சார், ராக்கெட் இறக்கும் வேலை எதுவரை வந்திருக்கிறது?”

“அரை மணி முன்பே எல்லாம் இறக்கியாகிவிட்டது. இப்போது கிடங்கில் அடுக்குகிறார்கள். ஏன்?”

கடைச் சுவரில் சாய்ந்தான். ஒன்றும் ஆகவில்லை. “சும்மாதான் சார்” என்ற சொல் நாக்கின் நுனியில் இருந்தது.

“நாளைக் காலை எட்டு மணிக்குப் புதியதை ஏற்றுகிறோம். ஜஸ்டின் அணிதான். நீ நிம்மதியாகக் குளி.”

நாளைக் காலை. இப்போதே திருவனந்தபுரத்துக்குக் கார் பிடித்தால், அங்கிருந்து விமானம் கிடைத்தால், சென்னையில் மாறினால், ஏழு மணிக்குப் போய்விடலாம். மழையில் இரண்டு மணி நேரம் தாமதமானால் ஒன்பது. எட்டிலிருந்து ஒன்பதுக்குள் எத்தனை ராக்கெட் ஏறும் என்று அவனுக்குத் தெரியும். நான்கு நிமிடத்துக்கு ஒன்று.

“நம்பி? இருக்கிறாயா?”

“சார், ஏழாவது கொக்கியில் தொங்குவது பயிற்சிப் பின். நீல ரிப்பனை அவிழ்த்துச் சிவப்பு கட்டியிருக்கிறது. உண்மையான பின் என்னிடம் இருக்கிறது.”

இணைப்பு போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தான். போகவில்லை.

“கட்டியது யார்?”

“நான்தான் சார்.”

“பெயர், எண்ணோடு மறுபடி சொல். நிதானமாகச் சொல். எழுதிக்கொள்கிறேன்.”

சொன்னான். இன்றிரவே புறப்பட்டு வர வேண்டும், பின்னை யார் கையிலும் கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு அவர் வைத்தார்.

கால் மணி நேரத்தில் ஜஸ்டின் அழைத்தான். “ஏலே, எங்கன இருக்க?”

“ஐந்தருவில.”

“ஏழாவத நான்தாம்ல எறக்கினேன். பின்ன விட்டேன், டிக்குன்னுச்சு. இப்பம் மீட்டர் வச்சுப் பாத்தோம். தகடு வெலகவே இல்லலே.” மூச்சு வாங்கினான். “மத்ததெல்லாம் தோள்ல தாங்கி எடுத்தேன். அது ஈரத்துல வழுக்குச்சுன்னு நெஞ்சோட அணைச்சுல்லா எடுத்தேன்.”

நம்பிராஜன் சட்டைப்பைக்குள் கிடந்த பின்னைத் தடவிப் பார்த்தான்.

“பெர்சிஸ் அங்கனதான் நிக்காளா?”

“நிக்கா.”

“நான் அவகிட்ட சொல்ல மாட்டேன். நீயே சொல்லு.” வைத்துவிட்டான்.

பெர்சிஸ் ஈரத் துணிகளைப் பையில் திணித்துக்கொண்டிருந்தாள். அவன் வருவதைப் பார்த்ததும், “யாரு, அவரா? என்னய கேட்டாரா?” என்றாள்.

“உக்காரும்மா. ஜஸ்டினுக்கு ஒண்ணும் ஆகல. மொதல்ல அதச் சொல்லிருதேன்.”

அவள் உட்காரவில்லை. திணித்த துண்டைக் கையிலேயே வைத்திருந்தாள்.

“ஒண்ணும் ஆகலன்னா,” என்றாள், “என்ன ஆகப் பாத்துச்சு?”